ஆம்பாசிடரை உள்ளிருந்து புதிதாகக் கட்டுவது: வயரிங்கும் கைவேலையும், படிப்படியாக

உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோனாலும் ஆம்பாசிடர் மேல் இருக்கும் பிரியம் நம் ஊரில் இன்னும் குறையவில்லை. பழைய வண்டி ஒன்றை வாங்கி, கையால் செய்த டேஷ்போர்டு, ஏசி, நல்ல ஸ்பீக்கர், மறைவிலிருந்து ஒளிரும் எல்இடி விளக்குகள் என்று தன் விருப்பப்படி கட்ட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படிக் கட்டிய வண்டிகளை நிறைய பார்த்திருக்கிறேன். பெயின்ட் அருமையாக இருக்கும், சீட் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு மழைக்கு ஹாரன் தானாக அடிக்கும், அந்த வயரைத் தேட டேஷ்போர்டையே அறுக்க வேண்டியிருக்கும். வயரிங்கை ஒருவர், உள்வேலையை இன்னொருவர், ஒருவரை ஒருவர் கேட்காமல் செய்வதால் வரும் வினை இது. இரண்டையும் ஒரே வேலையாகத் திட்டமிடுங்கள். எந்தப் பாகமாக இருந்தாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் இருந்தால் கழன்று வர வேண்டும், அதன் பின்னால் ஓடும் வயரைக் கையால் தொட முடிய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விதியை ஒட்டித்தான் போகிறது.

முதலில் ஆர்சியைப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதையே உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. எஞ்சின், எரிபொருள், நிறம், இருக்கை எண்ணிக்கை எதைத் தொடுவதாக இருந்தாலும் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் பேசிவிடுங்கள். டேஷ்போர்டு, சீட் உறை, கதவுப் பலகை, வயரிங் இவை ஆர்சி விவரங்களில் வருவதில்லை. அதனால்தான் மனசு வைத்து உழைக்க வேண்டிய இடம் வண்டியின் உள்ளேதான் என்கிறேன்.

உங்கள் வண்டி 50 வயதைத் தாண்டியிருந்தால் ஒரு நிமிடம் நிதானியுங்கள். 2021-ல் வந்த விதிகளின்படி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத அந்த வயது வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். அப்படி அசலாக மிஞ்சியிருக்கும் வண்டியில் ரம்பத்தை வைக்காதீர்கள். அதை அதன் பழைய நிலைக்கே மீட்டெடுங்கள். இந்த வேலைக்கு 1990-களின் வண்டி ஒன்றைத் தேடிக்கொள்வது நல்லது.

பிரிப்பதும் துருவும்

ஆம்பாசிடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எடையைத் தாங்குகிறது. ஆகவே சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்ததும் தரையையும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதியையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் துரு இருக்கும். டிங்கரிங், வெல்டிங், துரு தடுக்கும் ப்ரைமர் எல்லாம் முடிந்த பிறகே வயரைக் கையில் எடுக்க வேண்டும். வயர் இழுத்த பாடியில் வெல்டிங் வைத்தால் இன்சுலேஷன் உருகிவிடும்.

கழற்றும் ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டி, போட்டோ எடுத்து வையுங்கள். பழைய வயர்களின் நிறத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும்: பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷன் வழியாக வருவது வெள்ளை, அதற்குப் பிறகு ஃப்யூஸ் தாண்டியது பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் லைட் சிவப்பு, எர்த் கறுப்பு. பிரிட்டனில் லூகாஸ் நிறுவனத்தின் மின்பாகங்களோடு பரவிய முறை இது. சென்னையில் பாடி என்ற பகுதியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் மூலம் அந்த நிறுவனத்தின் பாகங்கள் நம் ஊருக்கும் பழக்கம். ஆனால் பல வருடம் பல கை பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மல்டிமீட்டர் வைத்துச் சரிபாருங்கள்.

பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அப்படியே விட்டு இன்றைய ஸ்டீரியோவை இணைத்தால் அது அந்த நிமிடமே போய்விடும். புது வயரிங்கை நெகட்டிவ் எர்த்தாகத்தான் போட வேண்டும்.

கரன்ட் கணக்கு

வண்டியில் ஓடப்போகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு சுமார் 9 ஆம்பியர். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து 2. வைப்பர் 4. இக்னிஷன் காயில் 4. ரேடியேட்டர் ஃபேன் 10. ஏசி வைத்தால் ப்ளோயருக்கு 10, கம்ப்ரஸர் கிளட்சுக்கு 4. ஸ்டீரியோ 10. போன் சார்ஜர், உள்விளக்குகளுக்கு 4. இவை உத்தேச அளவுகள். நீங்கள் வாங்கும் பாகத்தின் மேல் எழுதியிருப்பதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். மழை பெய்யும் இரவில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், கூட்டினால் 57 ஆம்பியர் வருகிறது. அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோவின் முழுத் திறனே 22 ஆம்பியர்தான், ஐடிலில் அது தருவது மிகக் குறைவு. உங்கள் வண்டியில் இன்னும் டைனமோவும், அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டும் இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். 65 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள், ஏசி உண்டென்றால் 80 பக்கம் போங்கள், ஏனென்றால் ஐடிலில் ஆல்டர்னேட்டரும் முழு அளவு தராது.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. பல ஆல்டர்னேட்டர்கள் டேஷ்போர்டில் உள்ள சார்ஜிங் பல்பு வழியாக வரும் சின்னக் கரன்ட்டை வைத்துத்தான் உற்பத்தியைத் தொடங்குகின்றன. அந்த பல்பை எடுத்துவிட்டு எல்இடி வைத்தால் அந்தக் கரன்ட் போதாமல் சார்ஜ் ஏறாது. எல்இடிக்கு இணையாக 50 ஓம் அளவில் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும். பழைய அம்மீட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், வண்டியின் மொத்தக் கரன்ட்டும் அதன் வழியாகத்தான் டேஷ்போர்டுக்குள் வந்து போகிறது. பதிலுக்கு வோல்ட்மீட்டர் போதும்: எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் நலம்.

வயர், ஃப்யூஸ், ரிலே

வீட்டு வயரிங்குக்கான வயரை வண்டியில் போடாதீர்கள். அதன் கம்பிகள் தடிமனானவை, அதிர்வில் முறியும். எண்ணெயும் சூடும் பட்டால் இன்சுலேஷன் தாங்காது. ஐஎஸ்ஓ 6722 அல்லது ஜப்பானிய ஏவிஎஸ்எஸ் தரத்தில் வரும் ஆட்டோ வயர் கேளுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் தேடலாம். கனெக்டர், ரிலே சாக்கெட் போன்றவற்றுக்கு புதுப்பேட்டையில் விபத்து வண்டிகளிலிருந்து வெட்டியெடுத்த அசல் பாகங்கள் கிடைக்கும். ஒரு நல்ல பழைய ஃப்யூஸ் பாக்ஸ், தரமில்லாத புதியதைவிட எத்தனையோ மேல்.

தடிமனுக்கு என் அளவு இது: உள்விளக்கு, சென்சார்களுக்கு 0.5 முதல் 0.75 சதுர மி.மீ.; இண்டிகேட்டர், டெயில் லைட்டுக்கு 1; ஹெட்லைட்டுக்கு 2.5, ஃபேன், ப்ளோயருக்கு 4, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16, செல்ஃப் மோட்டாருக்கு 35.

ஏன் இவ்வளவு தடிமன்? செம்பின் மின்தடை ஒரு சதுர மி.மீ. தடிமனுக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். ஹெட்லைட்டின் 9 ஆம்பியர், 1 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டர் சுற்றி ஸ்விட்ச் வழியாகப் போனால் வயரிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். தேய்ந்த ஸ்விட்ச்சும் துருப்பிடித்த எர்த்தும் சேர்ந்தால் இழப்பு ஒரு வோல்ட்டைத் தாண்டும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. பழைய ஆம்பாசிடரின் ஹெட்லைட் மங்கலாக எரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், அதிக வாட் பல்பு வாங்கிப் போடுவதால் இன்னும் மோசமாகும். முன்னால் பேட்டரிக்குப் பக்கத்தில் ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்து, 2.5 சதுர மி.மீ. வயரில் இரண்டே மீட்டரில் விளக்குக்குக் கொண்டுபோனால் இழப்பு 0.12 வோல்ட்தான்.

ரிலேயின் எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 85, 86 காயில், 30-ல் பேட்டரி வரவு, 87-ல் விளக்கோ மோட்டாரோ. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, வெள்ளிக் கோடு பாசிட்டிவ் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். ரிலே விடும்போது காயிலில் திடீரென்று எகிறும் வோல்டேஜை அது விழுங்கிவிடும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டியில் இது அவசியம்.

ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுகிறவர் தீயை அழைக்கிறார். ஓடும் கரன்ட் ஃப்யூஸ் அளவில் முக்கால் பங்குக்குள் இருக்க வேண்டும், ஃப்யூஸ் அளவு வயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். இடது ஹெட்லைட்டுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று 10 ஆம்பியர் சிவப்பு ஃப்யூஸ் இரண்டு வையுங்கள், ஒன்று போனாலும் இருட்டில் தவிக்க வேண்டியதில்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் முக்கிய வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 100 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ். செல்ஃப் மோட்டார் கேபிளுக்கு ஃப்யூஸ் இருக்காது, அதனால் அது உரசாத வழியில், உறை போட்டுப் போக வேண்டும்.

ஹார்னஸ் கட்டுவது

வண்டிக்குள் குனிந்து ஒவ்வொரு வயராக இழுப்பதைவிட, வெளியே கட்டி உள்ளே கொண்டுபோவதுதான் சிறந்தது. ஒரு மெல்லிய கயிற்றை வண்டிக்குள் வயர் போக வேண்டிய வழியில் ஓட்டி, பிரியும் இடங்களில் முடிச்சுப் போடுங்கள். அதை அப்படியே 8-க்கு 4 ப்ளைவுட் பலகையில் வைத்து வரைந்து, வளைவுகளில் ஆணி அடியுங்கள். அந்த ஆணிகளைச் சுற்றி வயர்களை ஓட்டினால் நேர்த்தியான ஹார்னஸ், அதாவது வயர்க் கட்டு, கிடைக்கும். ஒவ்வொரு வயருக்கும் எண், நிறம், தடிமன், ஃப்யூஸ் எல்லாம் ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் விடுங்கள்.

இப்போது டேஷ்போர்டை நினைவில் கொண்டுவாருங்கள். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் பல பின் கொண்ட பெரிய கனெக்டர் வைத்து, டேஷ்போர்டு ஹார்னஸைத் தனித் துண்டாகப் பிரித்துவிடுங்கள். மீட்டர் பலகைக்குப் போகும் வயரில், பலகையை ஒரு முழம் வெளியே இழுத்துப் பிடிக்கும் அளவு நீளம் வேண்டும். கதவுக்குப் போகும் வயருக்கு ரப்பர் குழாய் உறையும் தனி கனெக்டரும்.

முனைகளுக்கு கிரிம்பிங்தான் (உலோக முனையை வயரின் மேல் அழுத்தி இறுக்குவது), அதற்கான சரியான கருவியோடு. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. முனையின் ஒரு இறக்கை செம்பையும் இன்னொன்று இன்சுலேஷனையும் பிடிக்க வேண்டும், பிடித்து இழுத்தால் வரக்கூடாது. சால்டரிங் உறுதியானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஈயம் கம்பிகளுக்குள் ஏறி உறைந்து, அது முடியும் இடத்தில் வயர் விறைத்துப்போகும். அதிர்வில் அந்த இடம்தான் முறியும். சால்டர் வைத்தே ஆகவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஸ்லீவ் போட்டு, அசையாமல் கட்டிவிடுங்கள். சாதாரண பிவிசி டேப்பின் பசை எஞ்சின் சூட்டில் இளகிக் கழன்றுவிடும். துணி டேப்பும் நெளிகுழாயும் போடுங்கள். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும், துளையின் ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம், அதாவது கிராமெட் கட்டாயம்.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னால் ஒன்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று மூன்று எர்த் இடங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட் முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் தடித்த பட்டை ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கரன்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.

எல்இடி இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃப்ளாஷர் ஒழுங்காக வேலை செய்யாது, அது பல்பு இழுக்கும் கரன்ட்டை நம்பியது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்கிப் போட்டால் முடிந்தது.

மைக்ரோ கன்ட்ரோலர் வைக்கிறவர்களுக்கு

உள்விளக்கு மெதுவாக ஏறி இறங்குவது, கதவு திறந்தால் வரவேற்பு ஒளி, தொட்டால் மாறும் நிறம் எல்லாவற்றையும் ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 போன்ற, நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டு வைத்து அழகாகச் செய்யலாம். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும். ஆனால் வண்டியின் 12 வோல்ட் சுத்தமான 12 அல்ல. செல்ஃப் அடிக்கும்போது 8 வோல்ட்டுக்குக் கீழே விழலாம். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி முனை கழன்றால் பல பத்து வோல்ட்டுக்கு எகிறும். திடீரென்று எகிறும் வோல்டேஜை அடக்கும் டிவிஎஸ் டையோடு, தனி ஃப்யூஸ், வோல்டேஜைக் குறைத்துத் தரும், 40 வோல்ட்டாவது தாங்கும் பக் கன்வர்ட்டர் இவை இல்லாமல் போர்டை இணைக்காதீர்கள்.

பிரேக் லைட், ஹெட்லைட், வைப்பர், இக்னிஷன், ஹாரன் இவற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அந்த போர்டு வழியாக ஓட்டக் கூடாது. நீங்கள் எழுதிய நிரல் உறைந்துபோனாலும் வண்டி பத்திரமாக வீடு சேர வேண்டும். இவற்றுக்கு இருட்டில் கை தடவிக் கண்டுபிடிக்கக்கூடிய நிஜ ஸ்விட்ச்கள்தான்.

டேஷ்போர்டு

அட்டையில் தொடங்குங்கள். கேக் பெட்டி அட்டை போதும். வெட்டி ஒட்டி, வண்டியில் வைத்து, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீயரிங் வழியாக மீட்டர் தெரிகிறதா? பெல்ட் இறுகியிருக்கும்போது கை ஸ்விட்ச்சுக்கு எட்டுகிறதா? முழங்கால் எங்கே இடிக்கிறது? இந்தக் கட்டத்தில் ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். தலை மோதக்கூடிய பகுதியில் எந்த விளிம்பின் வளைவும் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது ஐ.நா.வின் ஆர்21 விதி. கையால் செய்யும்போது அதைவிட நன்றாகவே உருட்டிவிடலாம்.

அட்டை சரியானதும், வண்டியின் பழைய டேஷ்போர்டு போல்ட் துளைகளிலேயே உட்காரும்படி சதுரக் குழாயில் சட்டம் ஒன்று வெல்டிங் செய்யுங்கள். மேலே வரும் எல்லாப் பாகமும் இந்தச் சட்டத்தில் எம்5 போல்ட்டால் பூட்டப்பட வேண்டும், ஒட்டக் கூடாது. மீட்டர் பலகை, நடுப்பகுதி, இடதுபக்கப் பெட்டி என்று மூன்றாகப் பிரித்தால் எதையும் தனியாகக் கழற்றலாம். ஃப்யூஸ் பாக்ஸ் இடதுபக்கப் பெட்டியின் பின்சுவரில், இரண்டு திருகுகளுக்குப் பின்னால்.

மர முகப்பு வேண்டுமென்றால் முழுத் தேக்குப் பலகை வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை போகும், பலகை வளைந்துவிடும். 6 மி.மீ. மரைன் ப்ளைவுட்டின் மேல் தேக்கு வெனீர் ஒட்டுங்கள், பின்பக்கமும் ஒரு வெனீர் அல்லது சீலர். ஒரு பக்கம் மட்டும் மூடினால் மறுபக்கம் ஈரம் குடித்து வளையும். மேலே புற ஊதாக் கதிர் தாங்கும் பியு கிளியர், பளபளப்பு குறைந்ததாக. இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

வளைவான பாகங்களுக்கு ஃபைபர் கிளாஸ். பியு ஃபோம் கட்டியைச் செதுக்கி, பட்டி பூசி, 400 எண் தாளால் தேய்த்து, ஒட்டாமல் கழன்று வர மெழுகும் பிவிஏ திரவமும் தடவி, மேலே ரெசினில் நனைத்த 450 கிராம் கண்ணாடி இழை மேட் இரண்டு மூன்று அடுக்கு. தெர்மாகோல் வைக்காதீர்கள், பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் கரைந்துபோகும். நம் ஊர் வெயிலில் ஹார்டனர் 1 சதவீதம் போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை: கடையில் கோபால்ட் முடுக்கியும் எம்இகேபி ஹார்டனரும் தனித்தனி பாட்டிலில் தருவார்கள். அவை இரண்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது, வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டை நன்றாகக் கலந்துவிட்டு, அதன் பிறகே ஹார்டனர். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியும் திறந்த இடமும் வேண்டும். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

போல்ட் வரும் இடங்களில் நட் வெல்டிங் செய்த சின்னத் தகடுகளை அடுக்குகளுக்கு நடுவில் வைத்து மூடிவிடுங்கள். பிறகு திருகு ஏறி இறங்கினாலும் ஃபைபர் உடையாது.

சீட்டும் உறையும்

தையல் தெரியாதவர்கள் சீட்டை நல்ல குஷன் கடையில் கொடுப்பதே மேல். கதவுப் பலகையை மட்டும் நீங்களே செய்யலாம்: 3 மி.மீ. ப்ளைவுட், 6 மி.மீ. ஃபோம், மேலே ரெக்சின். சீட்டுக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள். சீட் பெல்ட் பூட்டும் போல்ட் இடங்களைத் தொடவே கூடாது.

ரெக்சின், கார்ப்பெட் வாங்கும் முன் தீச்சோதனை செய்யுங்கள். அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதி, உள்துணிகளில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது என்கிறது. வெட்டவெளியில், ஒரு நீளத் துண்டைப் படுக்கைவாக்கில் இடுக்கியில் பிடித்து ஓரத்தில் தீ வைத்து, கடிகாரம் பாருங்கள். உருகிச் சொட்டிக்கொண்டு வேகமாக ஓடுவதை வாங்காதீர்கள். தரைக்கு பியூட்டைல் தாள் ஒட்டலாம், தகட்டின் மூன்றில் ஒரு பங்கை மூடினாலே அதிர்வு நன்றாக அடங்கும். வயர் ஓடும் ஓரப் பகுதியை மட்டும் மூடாமல் விடுங்கள்.

முதல் முறை கரன்ட் கொடுப்பது

பெட்ரோல் குழாய்களை முதலில் பாருங்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற புதுக் குழாய் போட்டு, வயரிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். 2 கிலோ தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எல்லா ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பைத் தொடராக இணையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயர் சுடாது. எரியவில்லையா, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றும் தேறியபின் பல்பை எடுத்துவிட்டு நேராக இணையுங்கள். அப்புறம் ஹெட்லைட்டையும் ஃபேனையும் ஓடவிட்டு, வயரின் இரு முனைக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள்: பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேலும், எர்த் பக்கம் 0.2-க்கு மேலும் இழப்பு இருக்கக் கூடாது. இவையெல்லாம் முடிந்த பிறகே டேஷ்போர்டின் மேல் பாகங்களைப் பூட்டுங்கள்.

வண்டியை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு, அரைமணி கழித்து பேட்டரி வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து ஓய்வுக் கரன்ட் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அந்த அளவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி நேரம் எடுக்கும். கூடினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுத்து, எது குறைக்கிறது என்று பாருங்கள். உள்விளக்கு போர்டுதான் பெரும்பாலும் அகப்படும், அதை இக்னிஷன் வரவுக்கு மாற்றிவிடலாம்.

முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எர்த் போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் மறுபடி முடுக்குங்கள், கிராமெட் அருகே உரசல் இருக்கிறதா பாருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருவரை ஹோஸோடு வெளியே நிறுத்தி, முன்கண்ணாடி ரப்பர் மேல் பத்து நிமிடம் தண்ணீர் விடச் சொல்லி, நீங்கள் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஃப்யூஸ் பாக்ஸுக்கு மேல் ஒரு சொட்டு இறங்கினாலும் ரப்பரை மாற்றிவிட்டு இன்னொரு முறை தண்ணீர் விடுங்கள்.